பனித்தட்டில் வார்த்த பாகு: வைல்டர் கதைகளில் கிறிஸ்துமஸ் மிட்டாய்

இலக்கியத்தில் உணவு இடம்பெறும்போது அது பெரும்பாலும் பட்டியலாகவே வந்து போகிறது. விருந்தின் சிறப்பைக் கூற விரும்பும் ஆசிரியர் பத்துப் பண்டங்களின் பெயர்களை அடுக்குவார். படிப்போர் நாவில் நீர் ஊறும். அதனோடு அப்பண்டங்களின் பணி முடிந்துவிடும். சமைக்கும் கையையும் காத்திருக்கும் கண்ணையும் பங்கிடும் மனத்தையும் காட்டும் எழுத்து அரிது. தமிழாசிரியர் எவருக்கும் குறுந்தொகையின் 167ஆம் பாட்டு இவ்விடத்தில் நினைவிற்கு வரும். கூடலூர் கிழார் அப்பாட்டில் புளிக்குழம்பைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. தயிர் பிசைந்த விரலையும், அவ்விரலைத் துடைத்த பின் துவைக்காமல் உடுத்த ஆடையையும், தாளிப்புப் புகை தோய்ந்த கண்ணையும், கணவன் இனிதென உண்டபோது நுட்பமாக மலர்ந்த முகத்தையுமே அவர் காட்டுகிறார். குழம்பு அன்றே தீர்ந்துவிட்டது. அம்முகம் இன்னும் நம்முன் இருக்கிறது.

அமெரிக்கச் சிறுவர் இலக்கிய ஆசிரியரான லாரா இங்கல்ஸ் வைல்டரின் கதைகளில் வரும் கிறிஸ்துமஸ் மிட்டாயை இதே கண்கொண்டு நோக்குவது பயனுடையது. 1867ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் விஸ்கான்சின் மாநிலத்துப் பெப்பின் என்னும் சிற்றூரை அடுத்த காட்டுப் பகுதியில் பிறந்த இவ்வம்மையார், 1957இல் மிசௌரி மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு நகரில் மறைந்தார். அவருடைய முதல் நூலாகிய 'லிட்டில் ஹவுஸ் இன் த பிக் வூட்ஸ்' 1932இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 65. அந்நூலைத் தமிழில் 'பெருங்காட்டுச் சிறுவீடு' எனலாம். 1935இல் வந்த 'லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரேரி'யைப் 'புல்வெளிச் சிறுவீடு' எனலாம். இவ்விரு நூல்களிலும் கிறிஸ்துமஸ் வருகிறது. இரண்டிலும் மிட்டாய் வருகிறது. ஆயினும் முன்னதில் வரும் மிட்டாய்க்கும் பின்னதில் வரும் மிட்டாய்க்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. அத்தொலைவை அளந்து பார்த்தால் வைல்டரின் ஆற்றலும் புலப்படும். அவருடைய பார்வை எங்கே நின்றுவிடுகிறது என்பதும் புலப்படும்.

முதலில் காட்டு வீடு. கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. தந்தை மாலை தோறும் மரத்துண்டு ஒன்றைச் செதுக்குகிறார். அது தாய்க்கு அவர் அளிக்கவிருக்கும் சுவர்த்தட்டு. தாய் நாள் முழுதும் அடுப்படியில் நிற்கிறாள். ரொட்டி வகைகளும், பன்றி இறைச்சியும் கரும்பாகும் சேர்த்துச் சுட்ட அவரையும், உலர்ந்த ஆப்பிளை உள்ளிட்ட பணியாரமும் ஆயத்தமாகின்றன. இதுவரை இது பட்டியல்தான். மற்ற ஆசிரியர்கள் செய்வதையே வைல்டரும் செய்கிறார். அடுத்த சில வரிகளில் நடை மாறுகிறது. ஒரு நாட்காலையில் தாய் கரும்பாகையும் சீனியையும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சுகிறாள். தந்தை வெளியே சென்று தூய வெண்பனியை இரண்டு தட்டுகளில் அள்ளி வருகிறார். மேரிக்கு ஒரு தட்டு, லாராவுக்கு ஒரு தட்டு. சூடான பாகைச் சிறு தாரையாகப் பனியின்மேல் ஊற்றும் முறையைப் பெற்றோர் கற்றுத் தருகின்றனர். வட்டங்களும் சுருள்களும் பெயரில்லாத நெளிவுகளும் பனிமேல் தோன்றி, தோன்றிய கணத்திலேயே இறுகி மிட்டாயாகின்றன. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு துண்டு உண்ணலாம். எஞ்சியவை கிறிஸ்துமஸ் நாளுக்கு.

இவ்வளவே காட்சி. ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. சுவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. மிட்டாய் இனித்தது என்று சொல்லக்கூட ஆசிரியர் நிற்கவில்லை. கண்ணுக்கு வடிவும், கைக்கு வேலையும், நாவுக்கு ஒரே ஒரு துண்டும் தந்துவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார். சிறு பிள்ளைக்குச் சூடான பாகை ஊற்றும் உரிமை கிடைப்பது எளிய செய்தியன்று. சமையலறையில் பிள்ளைகள் கேட்டுப் பழகிய சொல் 'தொடாதே' என்பதாகும். இங்கோ பெற்றோர் இருவரும் அருகில் நின்று பிள்ளைகள் கையிலேயே பாகைக் கொடுக்கின்றனர். செய்தவர் பிள்ளைகள், ஆதலின் பின்னர் வரப்போகும் விருந்தினர்க்கு அளிக்கப்படும் மிட்டாயில் அவர்களுடைய கைவண்ணம் இருக்கும். பெறுவோராக மட்டுமே பிள்ளைகளைக் காட்டும் பண்டிகைக் கதைகள் மிகுந்த உலகில் இது குறிப்பிடத்தக்க வேறுபாடு.

பாகு பனியில் இறுகும் வினையையும் சற்று அறிந்துகொண்டால் காட்சியின் செறிவு கூடும். சீனிப்பாகு கொதிக்கக் கொதிக்க நீர் வற்றிச் சூடு ஏறுகிறது. ஏறத்தாழ 120 பாகை செல்சியசைக் கடந்தபின் குளிர்நீரில் விட்டால் உருளும். 150 பாகையை ஒட்டி வரும்போது தட்டினால் கல்லென ஒலிக்கும். கடலை மிட்டாய் செய்யும் தமிழ்ப் பெண்டிர் வெப்பமானி இல்லாமலே இவ்வேறுபாட்டை அறிவர்; பதம் என்னும் ஒரு சொல்லில் அவ்வறிவு முழுவதையும் அடக்கியும் வைத்திருக்கின்றனர். பாகு மெதுவாக ஆறினால் சீனி மணிமணியாகப் பூத்துவிடும். பனியின் குளிர் அதற்கு நேரம் தருவதில்லை. கரும்பாகில் உள்ள பிறவகைச் சர்க்கரைகளும் மணி கட்டுவதைத் தடுக்கின்றன. ஆகவே ஊற்றிய வடிவம் கலையாமல் கண்ணாடிபோல் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் கண்முன் கோடு பொருளாகிறது. எழுதப் பழகும் வயதில் அவர்கள் வரைந்த முதல் நெளிவெழுத்து அது என்று சொன்னாலும் மிகையாகாது.

'ஆளுக்கு ஒரு துண்டு' என்னும் விதிக்கு வருவோம். இதனை நற்பழக்கம் புகட்டும் வரியாக மட்டும் கொண்டால் கதையைக் குறைத்து மதிப்பிட்டவராவோம். அதே நூலில் பின்னர் வரும் மற்றொரு நிகழ்ச்சியோடு இதை ஒப்பிட வேண்டும். பனிக்காலம் முடியும் தறுவாயில் பாட்டனார் வீட்டில் மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை செய்கின்றனர். அன்றிரவு ஆட்டமும் பாட்டும் நடக்கின்றன. அங்கும் தட்டுகளில் பனி வருகிறது. அங்கும் பாட்டி சூடான பாகைப் பனிமேல் ஊற்றுகிறாள். அங்கும் அது மிட்டாயாகிறது. ஆனால் அங்கே அளவு இல்லை. மேப்பிள் சர்க்கரை எவருக்கும் தீங்கு செய்ததில்லை என்னும் காரணம் கூறி, வேண்டுமளவு உண்ண விடுகின்றனர். ஒரே செய்கை, ஒரே பனி, ஒரே பிள்ளைகள். ஒன்றுக்கு மட்டும் ஏன் கட்டுப்பாடு?

காரணத்தை ஆசிரியர் விளக்கவில்லை, கதைப்போக்கே விளக்குகிறது. மேப்பிள் சாறு மரத்திலிருந்து வடிவது. பாட்டனார் தம் கையால் மரக்குழாய் செதுக்கி, மரத்தில் பொருத்தி, வாளியில் ஏந்தியது. சீனியோ கடைச்சரக்கு. தந்தை விலங்குத் தோல்களைச் சுமந்து சென்று ஊரில் விற்று வாங்கிவருவது. விருந்தினர் வந்தால் வைக்க வேண்டும் என்று சிறு பொட்டலமாக வெள்ளைச் சீனி எடுத்துவைக்கப்படும் வீடு அது. ஆகவே 'ஒரு துண்டு' என்பது ஒழுக்கத்தின் அளவு மட்டுமன்று. பொருளாதாரத்தின் அளவும் ஆகும். அந்தப் பொருளாதாரத்தைப் பிள்ளைகளுக்கு வறுமை என்று அறிமுகப்படுத்தாமல், வரப்போகும் திருநாள் என்று அறிமுகப்படுத்துகிறாள் தாய். இல்லாமையைக் காத்திருத்தலாக மாற்றிக் காட்டும் இத்திறமே இக்கதையின் உயிர். அந்நூல் வெளிவந்த 1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியின் கொடிய ஆண்டுகளுள் ஒன்று என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். வெறுமையான அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் பலர் இந்த ஒரு துண்டு மிட்டாயைத் தம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியிருப்பர்.

கிறிஸ்துமஸ் காலையை வருணிக்கும் பகுதி இவ்வளவு நன்றாக அமையவில்லை. காலுறைகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிவப்புக் கையுறையும், சிவப்பும் வெள்ளையும் வரியோடிய பெப்பர்மிண்ட் மிட்டாய்க் குச்சி ஒன்றும் இருக்கின்றன. லாராவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு துணிப்பொம்மை. மற்றச் சிறுமியர் பொறாமை கொள்ளவில்லை, லாரா கைக்குழந்தைகளை விட்டால் எல்லாரிலும் சிறியவள் அல்லவா என்று ஆசிரியர் விரைந்து சமாதானம் கூறுகிறார். இந்த விரைவு ஐயத்தைத் தருகிறது. பொறாமை இல்லை என்று ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டியிருப்பதே அங்கு ஏதோ ஒன்று மூடப்பட்டதைக் காட்டிவிடுகிறது. லாராவின் பொம்மையை அக்கா மேரி எந்தக் கண்ணால் பார்த்தாள் என்பதை ஒரு வரியில் காட்டியிருந்தால் காட்சி உயர்ந்திருக்கும். பனிமேல் பாகு ஊற்றியபோது எதையும் விளக்காதிருந்த கை இங்கே விளக்கத் தொடங்குகிறது, கலை இறங்குகிறது. வைல்டரின் மகள் ரோஸ் வைல்டர் லேன் தேர்ந்த எழுத்தாளர். தாயின் கைப்படிகளைச் செப்பனிட்டவர். எவ்வரி எவர் கை என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒருமிக்கவில்லை. ஆதலின் இக்குறையை ஒருவர் தலையில் சுமத்துவதற்கில்லை.

அளவு தவறிய இனிப்பையும் வைல்டர் எழுதாமல் விடவில்லை. 1933இல் வெளிவந்த 'ஃபார்மர் பாய்' அவருடைய கணவர் அல்மான்சோவின் இளமைக் கதை. நியூயார்க் மாநிலத்துச் செழிப்பான பண்ணை வீடு அது. பெற்றோர் சில நாள் உறவினர் வீட்டுக்குச் செல்ல, பிள்ளைகள் சீனி மிடாவைக் காலி செய்யும் அளவுக்கு இனிப்புச் செய்கின்றனர். கரும்பாகு மிட்டாயை இழுத்து இழுத்து முறுக்குகின்றனர். அது இறுகுவதாக இல்லை. விரலில் ஒட்டுகிறது, கண்ட இடமெல்லாம் ஒட்டுகிறது. பதம் வருமுன் இறக்கிய பாகு அப்படித்தான் செய்யும். மறுநாள் அதைத் தின்ற லூசி என்னும் பன்றிக்குட்டியின் வாய் ஒட்டிக்கொள்ள, அது மிரண்டு ஓட, பிள்ளைகள் துரத்துகின்றனர். நகைச்சுவைக்காக எழுதிய பகுதியே எனினும், பெருங்காட்டு வீட்டின் அருகில் இதை வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெரியவர் பார்வையும் அளவும் இல்லாத இடத்தில் மிட்டாய் மிட்டாயாகவே ஆகவில்லை. அறிவுரை ஏதுமின்றி ஒரு பன்றிக்குட்டியைக் கொண்டு இதைச் சொல்லியது பாராட்டத்தக்கது.

வைல்டரின் கிறிஸ்துமஸ் பகுதிகளுள் தலைசிறந்தது புல்வெளிச் சிறுவீட்டில் உள்ளது. குடும்பம் கான்சாஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பனி இல்லை, ஓயாத மழை. ஓடை பெருக்கெடுத்து ஓடுகிறது. கிறிஸ்துமஸ் தாத்தா இவ்வாண்டு வர இயலாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டுவிட்டது. காலையில் அண்டை நிலத்தவரான எட்வர்ட்ஸ், துணிமணிகளைத் தலையில் கட்டிக்கொண்டு வெள்ளத்தைக் கடந்து, நனைந்து நடுங்கி வந்து நிற்கிறார். இண்டிபெண்டன்ஸ் நகர் வரை நடந்து சென்று பரிசு வாங்கி வந்திருக்கிறார். தாமே வாங்கியதாகச் சொல்லாமல், நகரில் கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டதாகவும், முதுமையால் ஓடையைக் கடக்க இயலாமல் அவர் தம்மிடம் கொடுத்து அனுப்பியதாகவும் கதை கட்டுகிறார். ஆளுக்கு ஒரு தகரக் குவளை, ஒரு மிட்டாய்க் குச்சி, வெள்ளைச் சீனி தூவிய இதய வடிவச் சிறு கேக்கு, ஒரு பென்னிக் காசு.

அங்கே லாரா தன் மிட்டாயை ஒரே ஒருமுறை நக்குகிறாள். மேரி அதுகூடச் செய்யவில்லை. கேக்கின் மேற்பக்கம் அழகு கெடக்கூடாது என்று அடிப்பக்கத்தில், வெளியே தெரியாதவாறு, லாரா சிறிதளவு கடிக்கிறாள். முன் நூலில் பெற்றோர் விதித்த கட்டுப்பாடு இங்கே பிள்ளைகளின் இயல்பாகிவிட்டது. எவரும் 'ஒன்றுதான்' என்று சொல்லவில்லை, அவர்களாகவே நிறுத்திக்கொள்கின்றனர். நக்கியவளையும் நக்காதவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி இரு சிறுமியரின் குணத்தையும் ஒரு மிட்டாய்க் குச்சியைக்கொண்டே வரைந்துவிடுகிறார் ஆசிரியர். இவ்வளவு சிக்கனமான குணச்சித்திரம் பெரியோர்க்கான புதினங்களிலும் எளிதில் வாய்ப்பதில்லை.

பெரியவர்களின் நிலையும் மிகையின்றிச் சொல்லப்படுகிறது. தந்தைக்குப் பேச்சு எழவில்லை. எட்வர்ட்சின் கையை மீண்டும் மீண்டும் குலுக்குகிறார். தாயின் கண் கலங்குகிறது. அதன்பின் எட்வர்ட்ஸ் சட்டைப் பைகளிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்குகளை எடுத்து வைக்கிறார். ஒன்பது கிழங்குகள். வெள்ளத்தில் நீந்தும்போது நிலைகொள்ள உதவும் சுமை என்று அவற்றுக்கும் ஒரு சாக்குச் சொல்கிறார். கொடுப்பவர் தம் கொடையை ஒளிக்கப் பொய் சொல்வதும், பெறுபவர் அப்பொய்யை அறிந்தும் அறியாதவர்போல் இருப்பதும் கொடையின் நுண்ணிய பண்பாடாகும். தமிழாசிரியர் இதனை வகுப்பில் விளக்கத் திணறமாட்டார். ஈகை அதிகாரம் அவர் கையிலேயே இருக்கிறது.

இவ்விடத்தில் நூலை மூடிவிடும் வாசகர் மகிழ்ச்சியோடு மூடுவர். திறனாய்வாளர்க்கு அந்த உரிமை இல்லை. ஏனெனில் அதே வீட்டில், அதே அடுப்பில், வேறொருவர்க்கும் உணவு சமைக்கப்படுகிறது. தந்தை வெளியே சென்றிருந்த ஒரு நாள் ஓசேஜ் இனத்தவர் இருவர் வீட்டினுள் வருகின்றனர். தாய் அஞ்சியவாறே சோளரொட்டி சுட்டுக் கொடுக்கிறாள். அவர்கள் ஒரு துணுக்கும் விடாமல் உண்டுவிட்டுச் செல்கின்றனர். ரொட்டி கொடுக்கப்பட்டது, ஆயினும் அது கொடையாகவில்லை. எட்வர்ட்சின் கிழங்குக்குக் கலங்கிய கண், வந்தவரின் பசியைக் காணவில்லை. அவர்களின் தோற்றத்தையும் நாற்றத்தையுமே கண்டது. பிள்ளையின் அச்சத்தைப் பிள்ளையின் நோக்கிலேயே எழுதியதாக வாதிடலாம். ஆனால் எட்வர்ட்சைக் காட்டும்போது பிள்ளை அறியாததையும் வாசகர் அறியுமாறு எழுதிய ஆசிரியர் இவர். கிறிஸ்துமஸ் தாத்தா கதையின் உண்மை லாராவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த இரட்டை நோக்கை ஓசேஜ் மக்கள் வரும் இடத்தில் ஆசிரியர் பயன்படுத்தவில்லை என்பதே குறை.

வரலாற்றை நோக்கினால் இக்குறை பெரிதாகிறது. அக்குடும்பம் 1869 முதல் 1871 வரை கான்சாசில் வாழ்ந்தது. வீடு கட்டிய இடம் ஓசேஜ் மக்களுக்கு ஒப்பந்தப்படி உரியதாக இருந்த நிலம். 1870இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்வழி அம்மக்கள் இன்றைய ஓக்லஹோமா பகுதிக்கு அகற்றப்பட்டனர். ஆக, அந்த வீட்டில் விருந்தினர் யார், இல்லத்தார் யார்? விருந்தோம்பலை இல்லறத்தின் பயனாகப் படித்து வளர்ந்த நம் மாணவர்க்கு இக்கேள்வி எழாமல் இராது. அக்காலத்தில் லாராவுக்கு வயது மூன்றைச் சுற்றியே இருந்தது. தாமே கண்டதைவிடப் பெற்றோர் சொல்லக் கேட்டதே நூலில் மிகுதி. இண்டிபெண்டன்ஸ் நகர் 40 மைல் தொலைவு என்கிறது நூல். உண்மையில் ஏறத்தாழ 13 மைல்தான். மைல் கணக்கு தவறியதைப் புனைவின் உரிமை என்று விட்டுவிடலாம். நிலத்துக்குரியவர் கணக்கில் வராமற்போனதை அவ்வாறு விட முடியாது.

இதனை அந்நாட்டவரே பிற்காலத்தில் உணர்ந்தனர். நூலின் தொடக்கத்தில் அப்புல்வெளியில் மனிதர் இல்லை, செவ்விந்தியரே இருந்தனர் என்னும் பொருள்பட ஒரு பகுதி இருந்தது. வாசகர் ஒருவர் 1952இல் சுட்டிக்காட்ட, வைல்டர் வருந்தித் திருத்த இசைந்தார். 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மனிதர்' என்பது 'குடியேறியவர்' ஆயிற்று. 2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு வைல்டர் பெயரால் வழங்கிவந்த விருதின் பெயரை மாற்றியது. ஒரு சொல்லைத் திருத்தியதால் நூலின் நோக்குத் திருந்திவிடாது. விருதின் பெயரை மாற்றியதால் மிட்டாய்க் காட்சியின் அழகும் குறைந்துவிடாது. இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கும் திறனாய்வு எளிது. அந்த எளிமையை மாணவர்க்குக் கற்பிக்காதிருப்பது நன்று.

வைல்டரின் பகிர்வு வட்டம் குடும்பத்தில் தொடங்கி நல்ல அண்டைவீட்டாரோடு முடிகிறது. வட்டத்தை வேறுவகையில் வரைந்தவரும் அந்நாட்டில் உண்டு. ட்ரூமன் கபோட்டி 1956இல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் மெமரி' என்னும் சிறுகதையில் ஏழு வயதுச் சிறுவனும் அறுபதைக் கடந்த உறவுக்காரப் பெண்மணியும் ஆண்டெல்லாம் சேர்த்த சில்லறையைக்கொண்டு பழக்கேக்குகள் செய்கின்றனர். மிட்டாயன்று, கேக்குதான், ஆயினும் ஏழை வீட்டு அடுப்பில் கிறிஸ்துமசுக்காகச் செய்து பிறர்க்கு அனுப்பும் இனிப்பு என்னும் வகையில் ஒப்பிடத்தக்கது. அவை போவது உற்றாருக்கன்று. ஒருமுறை கண்டவர், ஒருமுறையும் காணாதவர், ஆண்டுக்கு இருமுறை ஊருக்கு வரும் சாணைக்காரர், அதிபர் ரூஸ்வெல்ட் ஆகியோர்க்கு அஞ்சலில் செல்கின்றன. போர்னியோவில் ஊழியம் செய்யும் சமயத் தம்பதியர்க்கும் ஒன்று உண்டு. நம் பகுதி வாசகர் அவ்விடத்தில் சற்றுப் புன்னகைக்கலாம். கபோட்டியின் நடையில் உணர்ச்சி சில இடங்களில் கரைமீறுகிறது. வைல்டரின் அடக்கம் அவரிடம் இல்லை. ஆனால் இனிப்பை முன்பின் அறியாதவர்க்கு அனுப்பலாம் என்னும் எண்ணம் அவரிடம் இருக்கிறது. அது வைல்டரிடம் இல்லை.

இனி 'வீட்டில் செய்தது' என்னும் சொல்லைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். தம் கையே தமக்கு உதவி என்று வாழ்ந்த குடும்பமாக இங்கல்ஸ் குடும்பத்தைப் போற்றுவது வழக்கம். பனித்தட்டு மிட்டாய் அப்போற்றுதலுக்கு நல்ல எடுத்துக்காட்டாகப் பயன்படுகிறது. ஆனால் அந்த மிட்டாயில் சேர்ந்த பொருள்களுள் விலையின்றிக் கிடைத்தது பனி ஒன்றே. கரும்பாகு என்பது கரும்புச் சாற்றிலிருந்து சீனியைப் பிரித்த பின் எஞ்சும் கருநிறப் பாகு. அப்பகுதி உழவர் ஒருவகைச் சோளத் தட்டையின் சாற்றைக் காய்ச்சி எடுத்ததையும் அதே பெயரால் அழைத்ததுண்டு. கதையில் வருவது எது என்று நூல் கூறவில்லை. சீனியைப் பற்றி ஐயமில்லை. 1870களின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளுக்கு வந்த சீனி பெரும்பாலும் கரும்புச் சீனி. லூசியானாவிலும் கியூபாவிலும் விளைந்தது. அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் ஒழிந்தது. கியூபாவில் 1886 வரை நீடித்தது. காட்டு வீட்டின் அடுப்பு வரை வந்துசேர்ந்த அந்தச் சீனியைக் காய்ச்சிய கைகள் எவருடையவை என்று கதை கேட்கவில்லை. சிறுவர் கதை கேட்க வேண்டும் என்று வற்புறுத்துவதும் முறையாகாது. கதையைக் கற்பிப்பவர் கேட்கலாம்.

மலேசியத் தமிழாசிரியர்க்கு இக்கேள்வி அயலாருடையதன்று. இன்று செபராங் பிறை எனப்படும் அன்றைய வெல்லஸ்லி மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் விரிந்து கிடந்தவை கரும்புத் தோட்டங்கள். ரப்பர் வருமுன்னரே தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக இம்மண்ணுக்குக் கொண்டுவரப்பட்டது அத்தோட்டங்களுக்காகவே. அம்முறை 1910இல்தான் நிறுத்தப்பட்டது. லாரா பனியின்மேல் பாகு ஊற்றிய அதே பத்தாண்டில் பினாங்குக்கு எதிர்க்கரையில் தமிழர் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர். அவர்கள் வெட்டிய கரும்பின் சீனி விஸ்கான்சின் காட்டுக்குச் சென்றது என்று கூறுவதற்கில்லை, கூறவும் தேவையில்லை. உலகெங்கும் வீட்டு இனிப்புக்குப் பின்னால் தோட்டத்துக் கை ஒன்று இருந்தது என்பது போதும். ரப்பர்த் தோட்ட வாழ்வை எழுதிய நம் சிறுகதையாசிரியர் பலர்; அதற்கு முந்திய கரும்புத் தோட்ட வாழ்வுக்கு நம் இலக்கியத்தில் கிடைத்த இடம் மிகச் சிறிது. தீபாவளிப் பலகாரத்தைப் பாடும் கவிதைகளில் சீனி எங்கிருந்தோ தானாக வந்து இனித்துவிட்டுப் போகிறது. வைல்டரைக் குறைகூறும் முன் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இக்கதைகளைத் தமிழில் தர முனைவோர்க்குச் சில இடர்ப்பாடுகள் உண்டு. 'கேண்டி' என்னும் சொல் பெரிய இடர் தராது. அது அரபு மொழி வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற சொல். அதன் வேர் வடமொழிக் 'கண்ட'த்தில் இருப்பதாகச் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். நம் கற்கண்டிலும் அதே ஒலி கேட்கிறது. எனினும் பனித்தட்டில் இறுகியதற்கு மிட்டாய் என்பதே பொருந்தும்; கற்கண்டு மணிகட்டியது, இது மணிகட்டாதது. கரும்பாகைப் பாகு வெல்லம் என்று பெயர்த்தால் நம் வீட்டு மணம் வரும். ஆனால் வெல்லத்தில் சீனி பிரிக்கப்படுவதில்லை, ஆதலின் பொருள் பிறழும். உண்மையான இடர் வேறொரு சொல்லில் இருக்கிறது. சோளரொட்டி உண்ட இருவரையும் மூலநூல் பெரும்பாலும் 'இண்டியன்ஸ்' என்றே சுட்டுகிறது. அதை அப்படியே 'இந்தியர்' என்று எழுதினால், பள்ளிப் பதிவேட்டில் தம் இனத்துக்கு நேரே அதே சொல்லைக் காணும் நம் மாணவர், அந்த வீட்டின் வாயிற்படியில் நிற்பது தம் பாட்டனார் என்றே ஒரு கணம் நினைப்பர். 'செவ்விந்தியர்' என்று எழுதினால் குழப்பம் நீங்கும். தோல்நிறத்தைச் சுட்டும் பழைய வழக்கு ஒட்டிக்கொள்ளும். மூலநூலே சில இடங்களில் அம்மக்களை 'ஓசேஜ்' என்று பெயர் சொல்லி அழைக்கிறது. மொழிபெயர்ப்பாளர் சோளரொட்டிப் பகுதியிலும் அப்பெயரையே எழுதலாம்.